பத்து வருசக் கடனுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து சுண்டல் கொடுத்த பிறகு, கோயில் மண்டபத்திலேயே பாயை விரித்துக் கூட்டம் போட்டோம். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் எங்கள் தோட்டத்து லயத்துக்கு எதிரே பழைய ஆயாக் கொட்டகை ஒன்று இருக்கிறது. ரப்பர் காலத்தில் விடியக் கருக்கலில் தீம்பாருக்குப் போன அம்மாக்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன இடம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு கொட்டகை சும்மா கிடந்தது. இப்போது நம் இயக்கத்துப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் டியூஷனும் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பும் அங்கேதான். கூரை ஒழுகுகிறது. கக்கூஸ் கிடையாது. பெண் பிள்ளைகள் பாதி வகுப்பில் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. காண்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த கணக்கு 36,000 வெள்ளி. கையில் இருப்பது 6,000.

வழக்கம்போல நன்கொடை அட்டை அடிக்கலாம், விருந்து வைக்கலாம், ஒரு ஒய்.பி.யைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. நான்தான் வேறு மாதிரி சொன்னேன். எங்களிடம் 50 குடும்பம் இருக்கிறது. முடிந்தவர்கள் ஆளுக்கு 500 வெள்ளி கடனாகக் கொடுக்கட்டும், அப்படி 60 பங்கு சேர்ந்தால் 30,000. பிறகு எல்லாக் குடும்பமும் மாதம் 5 வெள்ளி போட்டால் மாதத்துக்கு 250, பத்து வருசத்தில் கடன் அடைந்துவிடும். வட்டி இல்லை. பத்திரம் என்று நான் பெரிதாகப் பேர் வைத்தாலும் இது கைமாத்துதான், ஊரறிய எழுதி வாங்கும் கைமாத்து. எழுதுவதற்கு முன்னால் ஊரில் ஓட்டு எடுப்போம் என்றேன்.

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. அப்போது தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தர் கேட்டார்: "ஏண்டா தம்பி, பத்து வருசத்துக்குக் கையெழுத்து கேக்குறியே, பத்து வருசம் நீ இங்க இருப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் நீலாயில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் அம்மாவைப் பார்க்க வருகிறவன். ஐந்து வருசத்தில் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கேள்விதான் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதைத்தான் உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொன்ன யோசனை என் மூளையில் முளைத்ததல்ல. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு நகரமோ பள்ளி வட்டாரமோ வரிப்பணத்தை ஈடாக வைத்துக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் முதலில் மக்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும். இன்ன பள்ளிக்கு, இன்ன நூலகத்துக்கு, இவ்வளவு கடன், ஆமாவா இல்லையா என்று சீட்டில் அச்சடித்திருக்கும். கலிபோர்னியாவில் ஒரு நகரம் அப்படிக் கடன் வாங்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பள்ளிக் கட்டடத்துக்கு மட்டும் 2000ஆம் ஆண்டிலிருந்து 55 விழுக்காடு போதும் என்று இறக்கினார்கள். பாதிக்கு ஒன்று கூட என்றால் போதாதா என்று தோன்றும். போதாது என்பதற்குக் காரணம், இல்லை என்று சொன்னவனும் இருபது முப்பது வருசம் சேர்ந்து கட்ட வேண்டும். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த பிள்ளையும் பெரியவனாகிக் கட்டும்.

நமக்கு இந்தப் பழக்கம் இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஓட்டு, சட்டமன்றத்துக்கு ஓட்டு, அதோடு சரி. ஒரு காலத்தில் மூன்றாவது ஓட்டும் இருந்தது. 1951இல் ஜார்ஜ்டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி சீனப் புதுக்கிராமங்கள்கூடத் தங்கள் ஊர் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தன. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், 1965 மார்ச்சில், உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அதை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்மவர்தான், செனட்டர் ஆதி. நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்றுதான் 1968இல் அந்த ஆணையம் எழுதிக் கொடுத்தது. நடக்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வந்து, மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிப்பது நிலைத்துவிட்டது. பினாங்கு மாநிலம் திரும்பக் கொண்டுவர முயன்றதை 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நகராண்மைக் கழகம் கடன் வாங்க வேண்டுமென்றால் மாநில அரசைக் கேட்கும். ஊராரைக் கேட்க வேண்டியதில்லை.

தோட்டத்துக்காரனுக்கு இதிலும் ஒரு படி கீழே. ஓட்டு இருந்த அந்தக் காலத்திலும் லயம் கம்பெனி நிலத்தில் இருந்தது. ரோடு கம்பெனி ரோடு, தண்ணீர் கம்பெனித் தண்ணீர், விளக்கு கம்பெனி விளக்கு. பக்கத்துப் புதுக்கிராமத்தான் தன் ஊர்க் கால்வாயைப் பற்றி ஓட்டுப் போட்டபோது எங்கள் தாத்தா தன் கால்வாயைப் பற்றித் துரையிடம் மனுக் கொடுத்தார். 1990இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் கடமையை முதலாளி தலையில்தான் வைத்தது. அது நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டு வாங்கியே பழகிய நமக்கு, கூடி உட்கார்ந்து "இது வேணும், இதுக்கு நாமே பொறுப்பு" என்று முடிவெடுக்கும் பழக்கம் கோயிலைத் தவிர வேறெங்கும் வளரவில்லை.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். இருக்கப்போகாதவன் இருக்கப்போகிறவர்களைக் கடனில் கட்டிவைக்கலாமா?

இதே கேள்வியை 1789 செப்டம்பரில் தாமஸ் ஜெபர்சன் தன் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். பூமி உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் சொந்தம், செத்தவர்கள் அதன்மேல் உரிமை கொண்டாட முடியாது என்பது அவர் வாதம். சாவுக் கணக்குப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு தலைமுறைக்கு 19 வருசம் என்று கண்டுபிடித்தார். அதற்குமேல் நீளும் கடனைப் போட எந்தத் தலைமுறைக்கும் உரிமையில்லை என்றார். மேடிசன் அடுத்த வருசம் பதில் எழுதினார். செத்தவர்கள் செய்துவைத்த நன்மைகளை அனுபவிக்கிறோமே, அதுவே இருப்பவர்கள்மேல் ஒரு கடன்தானே என்பது அந்தப் பதிலின் சாரம். கூரைக்குக் கீழே உட்காருகிறவன் கூரைக்கான பங்கைக் கொடுப்பதில் அநியாயம் இல்லை.

நம் வழக்கத்தில் வளர்ந்தவனுக்கு மேடிசன் பேச்சு புதிதில்லை. பிறக்கும்போதே மனிதன் ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பிதிர்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்று சொல்வது நம் மரபு. அந்த மூன்று கடனுக்கும் நாம் யாரும் கையெழுத்துப் போடவில்லை. தமிழில் கடன் என்றால் வாங்கிய காசும் கடன்தான், செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. "இது உன் கடமை" என்று சொல்லி யாரை வேண்டுமானாலும் எந்தக் கணக்கிலும் எழுதிவிடலாமே. கேட்காமலே எழுதலாமே.

அப்படி எழுதியும் இருக்கிறார்கள். ஜெபர்சன் கதையின் கடைசியைச் சொல்லாமல் விடக்கூடாது. அடுத்தவர் தலையில் கடனை வைக்காதே என்று எழுதிய மனிதர் 1826இல் பெருங்கடனோடு செத்தார். அடுத்த ஜனவரியில் அவர் தோட்டத்து அடிமைகளை ஏலம் போட்டு விற்றார்கள், அந்தக் கடனை அடைக்க. ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை, கடன் மட்டும் அவர்களுடையதாகிவிட்டது. நம் கதையும் தூரமில்லை. ஒப்பந்தக் கூலியாக மலாயாவுக்கு வந்தவன் கப்பல் செலவையும் முன்பணத்தையும் தலையில் சுமந்துகொண்டுதான் இறங்கினான். நம் முன்னோரில் பலர் இந்த மண்ணில் முதல் அடி வைத்ததே கடனாளியாகத்தான்.

தாத்தா சொல்லுவார், அவர் வாலிபத்தில் வேலை செய்த ஒரு தோட்டத்தில் கோயில் வரியைச் செக்ரோலிலேயே பிடித்துவிடுவார்களாம். திருவிழா நன்றாகத்தான் நடந்ததாம். "குடுத்தேன்னு சொல்ல முடியாதுடா, எடுத்துக்கிட்டாங்க" என்பார். சாமிக்குப் போன காசுதான், ஆனாலும் அதில் தனக்குப் பங்கு இருந்ததாக அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

அதே தாத்தா இன்னொரு காசைப் பற்றிப் பேசும்போது நிமிர்ந்து உட்காருவார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்ற காலம். வேலையும் வீடும் சேர்ந்து போனது. 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்வெட்டுக்காரர்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னக் காசில்லை. மறு வருசமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தாத்தா இரண்டு மாதம் யோசித்துத்தான் சேர்ந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் சேரவே இல்லை, அவரை யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. இல்லை என்று சொல்ல முடிந்ததால்தான் தாத்தா தான் கொடுத்ததைக் கடைசிவரை தன் காசு என்று சொன்னார் என்று நினைக்கிறேன்.

சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் என்று ஒரு ஊர், 2011இல் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். அது தனி நகராட்சியாக இருந்தபோது பாதாளச் சாக்கடை கிடையாது. 1996இல் தலைவராக வந்த ஆர்.எஸ்.பாரதி, அரசாங்கம் கொடுக்கும் என்று காத்திருக்காமல், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டுவீர்களா என்று மக்களிடமே போனார். குடியிருப்போர் சங்கங்களோடு கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். கட்ட விருப்பமா என்று கணக்கெடுத்தார்கள். மண்ணைத் தோண்டும் முன்பே பணம் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், மீதிக்குக் கடன் வாங்கினார்கள். அது வாக்கெடுப்பு இல்லைதான். ஆனாலும் 5,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டுவதைவிடத் தெளிவான ஓட்டு எது?

இதையெல்லாம் படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். நான் எழுதிக்கொண்டு போன சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: கொட்டகையைப் புதுப்பிக்கக் கடன் எடுக்கச் சம்மதமா? பாட்டி பக்கத்தில் இருந்த மாமா, முன்னாள் மண்டோர், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நிலம் யாருதுன்னு இதுல போடலியே" என்றார்.

போடவில்லைதான். நிலம் கம்பெனியுடையது. பழுதுபார்க்க அனுமதிக் கடிதம் கிடைத்திருக்கிறது, குத்தகை கிடையாது. சிப்பாங்கில் விமான நிலையம் வந்த நாளிலிருந்து இந்தப் பக்கம் தோட்டம் தோட்டமாக தாமானாகிக்கொண்டு வருகிறது. ஏழாவது வருசம் நிலத்தை விற்றுவிட்டால் கொட்டகை போய்விடும், கடன் மூன்று வருசம் மிச்சம் இருக்கும். இதைச் சொன்னால் பாதிப் பேர் ஓட்டுப் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டிருந்தேன் என்று அந்த நிமிடத்தில் எனக்கே புரிந்தது. நல்ல காரியம்தானே, முதலில் சம்மதம் வாங்கிவிடுவோம், பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். துரை அப்படித்தான் நினைத்திருப்பார், கங்காணியும் அப்படித்தான்.

இந்த ஊர் காலியாகும் என்பது எங்களுக்குக் கதையுமில்லை. 1999இன் தொடக்கத்தில் எனக்கு ஒன்பது வயது. பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல். முதலில் கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் என்று புகையடித்தார்கள். பிறகுதான் புதுக் கிருமி என்று தெரிந்தது. பக்கத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பேரையே அதற்கு வைத்தார்கள். நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். செத்தவர்களில் பண்ணைக்குக் கூலிக்குப் போன நம் ஆட்களும் உண்டு. ராணுவம் வந்து பன்றிகளைச் சுட்டது. மாதம் ஒன்றுக்குள் கடை அடைத்துக் கதவு பூட்டிய தெருக்களை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் யாராவது முந்தின வருசம் பத்து வருசப் பத்திரம் வாங்கியிருந்தால்?

அப்படியென்றால் ஒன்றும் கட்டவே வேண்டாமா என்று நம் செயலாளர் தங்கச்சி கோபமாகக் கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம். பத்தாம் வருசம் நிச்சயமில்லை என்பதற்காக, இன்றைக்குக் கக்கூஸுக்கு வீட்டுக்கு ஓடும் பெண் பிள்ளையிடம் என்ன சொல்வது? எட்டு வயதுப் பிள்ளை பத்து வருசம் கழித்து, "என்னைக் கேட்காம ஏன் கடன் வாங்கினீங்க?" என்று கேட்கலாம். "ஏன் ஒண்ணுமே கட்டாம விட்டீங்க?" என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியைத்தான் நாங்கள் எல்லாரும் எங்கள் வயதில் கேட்டோம்.

பெரிய சண்டை வேறொன்றில் வந்தது. ஓட்டு ஜெயித்த பிறகு, இல்லை என்று சொன்ன குடும்பம் ஐந்து வெள்ளி கட்ட வேண்டுமா? கலிபோர்னியாவில் வரியோடு பிடித்துவிடுவார்கள். நாங்கள் எப்படிப் பிடிப்பது? கட்டாத வீட்டுப் பிள்ளையை வகுப்பில் சேர்க்கக்கூடாது என்று ஒரு அண்ணன் சொன்னார். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. பாட்டி மட்டும், "பள்ளிக்கூட வாசல்ல கணக்குப் பொஸ்தகத்த வச்சா அது கள்ளுக்கடடா" என்றார். திருவள்ளுவர் ஒப்புரவுக்கு ஊர்க் குளத்தைத்தான் உவமை காட்டினார். தண்ணீர் எடுக்க வந்தவளிடம் வரி ரசீது கேட்கும் குளம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அதற்கு விலை உண்டு, அதையும் கணக்குப் போட்டோம். மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் 34 குடும்பம் சம்மதித்தாலே ஜெயம். அவர்கள் மட்டும் கட்டினால் மாதம் 170 வெள்ளி. பத்து வருசக் கடன் ஏறக்குறைய பதினைந்து வருசமாகும். 500 வெள்ளி கொடுக்கிறவர் அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். இதையும் சீட்டில் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று.

லயத்தில் இப்போது வங்காளதேசத் தம்பிகளும் இந்தோனேசியக் குடும்பங்களும் இருக்கிறார்கள். கொட்டகைக் குழாயில் குளிக்கப்போகிறவர்கள், மழைக்கு ஒதுங்கப்போகிறவர்கள் அவர்களும்தான். "காண்ட்ராக் முடிஞ்சா போயிருவான், அவனுக்கு என்ன ஓட்டு?" என்றார் மாமா. நூறு வருசத்துக்கு முன்னால் நம்மைப் பற்றியும் இதையே சொல்லியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். மாமா பதில் சொல்லவில்லை, முகம் மட்டும் சுருங்கியது. அவர்களிடம் காசு கேட்பதில்லை, ஆனால் குழாயும் கக்கூஸும் எங்கே வைப்பது என்று கேட்பது என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். எனக்கு இதில் திருப்தியில்லை. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

புதுச் சீட்டு இப்போது ஒரு முழுப் பக்கம். நிலம் கம்பெனியுடையது என்பது முதல் வரி. விற்றால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. கீழே மூன்று கட்டம்: சம்மதம், சம்மதமில்லை, சம்மதம் ஆனால் கட்ட முடியாது. மூன்றாவது கட்டம் பாட்டி கேட்டது. அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை, மாதம் வரும் உதவிப்பணத்தில்தான் சாப்பாடு. யார் எதில் போட்டார்கள் என்று தெரியாமலிருக்கப் பெரிய மைலோ டின்னில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம்.

ஓட்டு தை மாதம் இரண்டாவது ஞாயிறு. குடும்பத்துக்கு ஒரு சீட்டு என்பதால் எங்கள் வீட்டுச் சீட்டை அம்மா போடட்டும், நான் ஊரில் இல்லாதவன் என்று சொல்லிவிட்டேன். பாட்டி பெயர்ப் பட்டியலை வாங்கி என்னைப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "உன் பேரையும் எழுது. ஓட்டுக்கு இல்ல, அஞ்சு வெள்ளிக்கு" என்றார்.